கூத்தில் செத்தவள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஊர்காவற்றுறையில் படித்தபோது, அப்புமார் காலத்திலிருந்து ஆடிவந்த கூத்தொன்றில் பெண் வேடம் எனக்குத்தான். புயலில் தோணியோடு போன மாப்பிள்ளையை நினைத்து மணப்பெண் கடலில் இறங்கிச் சாவாள். நான் விழுந்ததும் சனம் விம்மும். செத்தவளாக ஆடியவனைத் தனியே வீட்டுக்கு விடக் கூடாது என்பது வழக்கம். பெண்கள் தேநீரோடு வந்து என்னைச் சுற்றி இருப்பார்கள்.

கதை உண்மையாக நடந்தது என்பார்கள். அவள் இறங்கிய துறையைக் கண்டுபிடிக்க மாணவர்கள் மூவர் அவளுடைய ஊரான புளியங்கூடலுக்கு நடந்தோம். விசாரித்துப் போன வீட்டில் அவளுடைய தங்கை மகள் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றார்.

"பெரியம்மா கடலுக்கை இறங்கேல்லை, தம்பி. போன வருசம்தான் செத்தவ."

நான் படலையடியில் நின்றபடி கேட்டேன்: "எங்கட கூத்தை அவ பார்த்திருக்கிறாவோ?"

"ஓம். முக்காடு போட்டுக்கொண்டு கடைசியில இருப்பா. சாகிற பொடியன் நல்லாப் பாடுறான் எண்டு சொல்லுவா. கூத்து முடிய, தனிய நடந்து வருவா. அங்கை அழுத சனத்தில ஒருத்தரும் இந்தப் படலையைத் திறந்து உள்ளுக்கு வரேல்லை."

அடுத்த முறையும் மேடையில் செத்தேன். தேநீரோடு பெண்கள் வந்தார்கள்.

"இண்டைக்கு என்னைத் தனிய விடுங்கோ அக்கா" என்றேன்.

வேடத்துச் சேலையை முக்காடாக இழுத்துக்கொண்டு புளியங்கூடல் தெருவில் நடந்தேன். யாரும் பின்னால் வரவில்லை. அந்தத் தெரு எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.