பாதியில் தூங்கிப்போன ஜெபம்

ஆண்டவருக்கு முதலிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், நைட் ஷிப்ட் முடித்து வந்த களைப்பில் மறந்தாலும் மறந்துவிடுவேன். சபையாருக்கும், நம் சபை இதழில் இதைப் படிக்கிற எல்லோருக்கும் என் ஸ்தோத்திரம்.

என் பெயர் அன்பரசி. பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் படித்தேன். படிப்பு முடிந்து ஒன்றரை வருடம் எந்த வேலையும் கிடைக்கவில்லை. இதில் என்ன சாட்சி, வீட்டுக்கு வீடு இதே கதைதானே என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது வேலை இல்லாமல் இருந்ததைப் பற்றி மட்டுமல்ல. ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாமல் போனதைப் பற்றி.

ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு நிலம் இருந்தது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அதைத் தொழிற்பேட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். வந்த நஷ்டஈட்டில் அப்பா வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். அவரும் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார். அறைகளில் இருப்பவர்கள் எல்லோரும் கம்பெனிக்குப் போகிற பெண்கள். தென்காசி, திருவாரூர், தர்மபுரி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். விடியும்போதே கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் ஹார்ன் அடிக்கும். ஒவ்வொரு கதவாகத் திறக்கும். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு, ஈரத் தலையை வாரிக்கொண்டே ஓடுவார்கள். அவர்கள் போனதும் கேட்டைச் சாத்துவது என் வேலை. அப்போது எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

குடியிருக்க வந்தவர்களுக்கெல்லாம் வேலை. வீட்டுச் சொந்தக்காரர் பெண்ணுக்கு மட்டும் இல்லை. அம்மா வாய்விட்டே சொல்லிவிடுவார்.

"உள்ளூர் மாடு வெல போவாதுன்னு சும்மாவா சொன்னாங்கோ?"

மாட்டோடு சேர்த்ததில் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே.

நான் ஏறி இறங்காத கேட் இல்லை. ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை என்று ஒரு பக்கம் விடவில்லை. லைனில் நிற்கிற தொழிலாளி வேலைக்குப் போனால், "டிகிரி முடிச்சவங்க நிக்க மாட்டீங்க" என்றார்கள். எஞ்சினியர் வேலைக்குப் போனால் அனுபவம் கேட்டார்கள். இரண்டையும் தாண்டி உள்ளே போனால், விண்ணப்பத்தில் முகவரி இருக்கும் இடத்தில் அவர்கள் கண் நின்றுவிடும்.

"லோக்கலா?"

"ஆமாம் மேடம்."

"சரி, கூப்பிடுறோம்."

கூப்பிட மாட்டார்கள். ஒரு இடத்தில் என் வயதுதான் இருக்கும் ஒரு பெண், பாவப்பட்டு உண்மையைச் சொல்லிவிட்டாள். "தப்பா நெனைச்சிக்காதீங்க. லோக்கல் ஆளுன்னா ஊர்ல விசேஷம்னு லீவு போடுவாங்க, ஒரு சண்டைன்னா ஊரே கேட்டுக்கு வந்துடும்னு மேல இருக்கறவங்க யோசிக்கறாங்க." எல்லாக் கம்பெனியும் அப்படியில்லை. ஆனால் நான் போன இடங்களில் அப்படித்தான் இருந்தது. படிப்பு குறை என்றால் இன்னும் படிக்கலாம். பிறந்த ஊர் குறை என்றால் என்ன செய்வது?

பொன்மணி அக்கா அதற்கு ஒரு வழி சொன்னார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். எங்கள் கடைசி அறையில் இருந்தார். எங்கள் சபைக்குத்தான் வருவார். "எங்க ஊரு அட்ரஸப் போட்டுருட்டி. யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். எனக்கும் சபலம் வந்தது. அன்று மாலை சாப்பிடும்போது அப்பாவிடம் மெல்லச் சொன்னேன். அப்பா தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நெலத்த குட்த்தாச்சு. ஊர் பேரையும் குட்த்துடணுமா?"

 நான் முகவரியை மாற்றவில்லை.

வீட்டைவிட எனக்குச் சபைதான் கஷ்டமாக இருந்தது. மன்னியுங்கள், உள்ளதைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் ஜெப விண்ணப்ப நேரத்தில் பாஸ்டர், "தங்கச்சி அன்பரசி வேலைக்காக" என்பார். நான் எழுந்து நிற்க வேண்டும். எல்லோரும் என் பக்கம் கை நீட்டி ஜெபிப்பீர்கள். முதல் மாதங்களில் அது பெரிய ஆறுதல். அப்புறம் அது எனக்கு வாராவாரம் நடக்கிற இன்டர்வியூ மாதிரி ஆகிவிட்டது. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில், "இன்னாம்மா, எதனா கெட்ச்சுதா?" என்று கேட்பீர்கள். அன்பினால்தான் கேட்டீர்கள். ஆனால் இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, பொன்மணி அக்கா சாட்சி சொன்னார். அவர் வேலை செய்யும் உதிரிபாகக் கம்பெனியில் அவரை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அழுதுகொண்டே சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். சந்தோஷமாகத்தான் தட்டினேன், அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனதுக்குள் ஒன்று அறுந்துவிட்டது. ஆண்டவருக்கு என் முகவரிகூடப் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு தலைவலி என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த ஞாயிறு எதுவுமே சொல்லவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

அன்று அம்மா அப்பா ஆராதனைக்குப் போய்விட்டார்கள். நான் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். நைட் ஷிப்ட் முடித்த பொன்மணி அக்கா, யூனிபார்மைக்கூட மாற்றாமல் நேராக உள்ளே வந்தார். அந்த வாரம் முழுக்க அவருக்கு ஓவர்டைம். கண் இரண்டும் சிவந்து கிடந்தது.

"ஏன் சபைக்குப் போகல?" என்றார்.

"முடியலக்கா. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. இனிமே நான் கேக்கறதா இல்ல."

புத்தி சொல்வார் என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. "சரி, நீ கேக்காண்டாம். நான் கேக்கேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து என் தலைமேல் கை வைத்தார்.

"ஆண்டவரே, இந்தப் பிள்ளைய நீர் அறிவீர். நடந்து நடந்து ஓய்ஞ்சிட்டா. இவ நடக்குற வழியில..."

அதோடு சத்தம் நின்றுவிட்டது. வார்த்தை தேடுகிறார் என்று காத்திருந்தேன். கொஞ்சம் கழித்துக் கண்ணைத் திறந்து பார்த்தால், சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். கை மட்டும் என் தலையிலேயே இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அசைந்தால் எழுந்துவிடுவார் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை களைப்பிலும் எனக்காகக் கேட்க வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து முடித்து வைக்கலாம் என்று பார்த்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. "மீதியை நீரே பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே" என்று மட்டும் சொன்னேன். ஆமென்கூடச் சொல்லவில்லை. ஜெபமே முடியவில்லையே.

அடுத்த சில நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழை உங்களுக்கும் நினைவிருக்கும். சர்வீஸ் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். கம்பெனி பஸ் ஒன்றுகூட வரவில்லை. விடிந்தும் ஹார்ன் சத்தம் இல்லாத தெருவை அன்றுதான் பார்த்தேன். பொன்மணி அக்கா முந்தைய நாள் ஷிப்டுக்குப் போனவர், திரும்பி வர முடியாமல் கம்பெனிக்குள்ளேயே மாட்டிக்கொண்டார். காலையில் அவரிடமிருந்து போன் வந்தது.

"அன்பு, இங்க ஒருத்தரும் ஷிப்ட் மாத்த வரலட்டி. கரண்ட் பாக்குற அண்ணன் நேத்துல இருந்து கண்ணு மூடல. பம்பு ஓடலன்னா கரண்ட் பேனல் ரூமுக்குள்ள தண்ணி வந்துரும். ஹவுஸ் ஓனர் மவ எலெக்ட்ரிகல் படிச்சிருக்கான்னு மேனேஜர் சார்ட்ட சொல்லிட்டேன். உன்னால வர முடியுமா?"

ரோடு வழியாக யாராலும் வர முடியாது. ஆனால் ஏரிக்கரை வழி ஒன்று இருக்கிறது. எங்கள் நிலத்துக்குப் போகிற பழைய வழி, தொழிற்பேட்டைக்குள் போய்ச் சேரும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வா, நான் கூட்டினு போறேன். எங்க காலு வெக்கணும்னு எனக்குத் தெரியும்."

அப்பா முன்னால் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். நான் பின்னால். குடை பிடிக்க முடியாத காற்று. பாதி தூரம் போனபிறகுதான் அக்கா விட்ட வரி நினைவுக்கு வந்தது. இவ நடக்குற வழியில.  ஆனால் அப்போது நின்று யோசிக்க நேரமில்லை, வழுக்கியது.

அங்கே நான் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் வாயிலிருந்து போனது வேறு வாய்க்குப் போய் நான்தான் கம்பெனியைக் காப்பாற்றினேன் என்று ஆகிவிடும். இரண்டு பம்புகள். ஒன்று சூடானால் நிறுத்திவிட்டு மற்றதைப் போட வேண்டும். மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால் எலெக்ட்ரீஷியன் அண்ணனை எழுப்ப வேண்டும். அவர் எனக்கு ரப்பர் பூட்டும் கையுறையும் கொடுத்து, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று காட்டிவிட்டு, அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்தார். படுத்த உடனே குறட்டை. அவரைத் தூங்க வைத்ததுதான் அன்று நான் பார்த்த வேலை. தண்ணீர் வடியும்வரை தினமும் அப்பாவோடு ஏரிக்கரையில் நடந்து போய்வந்தேன்.

மழை விட்டதும் மெயின்டனன்ஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "எங்கேயிருந்து வர்றீங்க?" என்றார். பழக்க தோஷம், இவரும் 'கூப்பிடுறோம்' என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

"லோக்கல்தான் சார்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"அதனாலதான் உங்களால வர முடிஞ்சுது" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஒன்றரை வருடம் காத்திருந்தேன் என்று அப்போது தோன்றியது. அவர் என் விண்ணப்பத்தைக் கேட்டு வாங்கினார். முறைப்படி எழுத்துத் தேர்வு வைத்தார்கள், இன்டர்வியூ வைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் டிரெய்னி எஞ்சினியராக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருடம் முடிந்தபிறகுதான் நிரந்தரமா இல்லையா என்று தெரியும். அதற்கும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வேலை கொடுப்பதற்காக ஆண்டவர் மழை பெய்ய வைத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பாத்திரம் பண்டம் இழந்தவர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள். நான் சொல்வது இவ்வளவுதான். எந்த ஊர்க்காரி என்பதற்காக என்னை வேண்டாம் என்றார்களோ, அந்த ஊரின் வழியாகவே ஆண்டவர் என்னை நடத்திக்கொண்டு போனார். அதுவும் முழு ஜெபத்துக்குக்கூட இல்லை, பாதி ஜெபத்துக்கு. முதல் நாள் கழுத்தில் அடையாள அட்டையோடு கிளம்பியபோது, கேட்டைச் சாத்த அப்பா வந்து நின்றார். அட்டையில் இருந்த முகவரியை விரலால் தடவிப் பார்த்தார். "சரியாத்தான் போட்டுக்கிறான்" என்றார். அதற்கே நான் எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது.

நான் கேட்டுக்கொண்டதால் பாஸ்டர் இப்போது யாரையும் தனியாக எழுந்து நிற்கச் சொல்வதில்லை. வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதா? பரவாயில்லை, கொஞ்ச நாள் கேட்க வேண்டாம். உங்களுக்காக வேறு யாராவது கேட்கட்டும். நம்பிக்கை தீர்ந்துபோனால் பக்கத்தில் இருப்பவரிடம் கைமாற்று வாங்கிக்கொள்ளலாம். நான் அப்படி வாங்கியவள்தான்.

இப்போது நானும் ஷிப்ட் முடித்து நேராகச் சபைக்கு வருகிறேன். கண் எரிகிறது, கால் வலிக்கிறது. இது நான் கேட்டு வாங்கிய களைப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆராதனை முடிந்ததும் என்னிடம் வாருங்கள். வேலை கிடைத்ததா என்று கேட்க மாட்டேன். உங்கள் தலையில் கை வைத்து ஜெபிப்பேன். நடுவில் நான் தூங்கிவிட்டால் எழுப்பாதீர்கள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.