கயிற்றுக்குள் ஒரு வீடு

தோட்டம் கை மாறி, நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. ஆயர் தாவார் பக்கம் இருந்த அந்தத் தோட்டத்தில் அப்பா டிராக்டர் ஓட்டினார். அம்மாவுக்குச் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை. ஈப்போவுக்கு வெளியே ஒரு துண்டு நிலத்தை எப்போதோ வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் லாலாங் புல் என் தோளுயரத்துக்கு நின்றது. இனி அங்கே வீடு எழும்பியாக வேண்டும்.

வீட்டை வரையும் பொறுப்பைச் சித்தப்பா தாமாகவே எடுத்துக்கொண்டார். ஈப்போவில் வரைபடங்களை நகலெடுத்துத் தரும் கடையில் அவருக்கு வேலை. அந்தப் பழக்கத்தில் பாதிப் பொறியாளர் ஆகியிருந்தார். அவர் வரைந்த வீட்டு முகப்பில் நான்கு தூண்கள், இரண்டு கார் நிறுத்த இடம், உள்ளே நீளமான நடைபாதை. எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்.

வீடு கட்டும் குத்தகைக்காரர் சீனர். தோட்டத்து மளிகைக்கடைக்காரரின் மகனாக எங்கள் ஆட்களோடு வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவோம். படத்தைப் பார்த்துச் சதுர அடிக் கணக்குப் போட்டவர், கால்குலேட்டரை அப்பா பக்கம் திருப்பினார். அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

"உங்க காசுக்கு இந்த வீடு செவுரோட நின்னுடும் லா, அண்ணே. கூரை ஏறாது."

"பேசாம ஃபிளாட்டுல வாடகைக்குப் போயிடலாம்" என்றார் அப்பா.

அம்மா மட்டும், "தவுக்கே, ஞாயித்துக்கெழம சாயங்காலம் நெலத்துக்கு வாங்க. வேற வீடு காட்டுறேன்" என்றார்.

அந்த ஞாயிறு காலையில் புல்லை வெட்டி, முளையடித்து, சிவப்பு ராஃபியா கயிறு கட்டினோம். சித்தப்பாவின் வீடு முழு அளவில் தரையில் எழுந்தது. பிறகு அம்மா எங்களை அதில் குடிவைத்தார்.

அப்பாவைக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எதிர்ச்சுவரருகே நின்று, "கேக்குதுங்களா?" என்றார்.

"கத்தித்தான் பேசணும்போல."

கயிறு உள்ளே நகர்ந்தது. என்னை நடைபாதையில் நிறுத்தி, "இங்க என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"நடப்பேன்."

"நடக்கறதுக்கு மட்டும் ஒரு கூரையா?"

நடைபாதை போயிற்று. என்னையும் அக்காவையும் பாயில் படுக்கவைத்து, அக்காவின் கால் கயிற்றில் இடித்ததும் அந்த அறையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினார். தூண்களைச் சித்தப்பாவே பிடுங்கினார், இழவு வீட்டு முகத்தோடு. சமையலறைக் கயிற்றையும் நகர்த்தப் போன அப்பாவிடம், "இதுல கை வெக்காதீங்க" என்றார் அம்மா. அப்பா கையை எடுத்துக்கொண்டார்.

சொன்னபடி தவுக்கே வந்தார். மீதியிருந்த வீட்டை நாடா பிடித்து அளந்தார். தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். இந்த முறை கால்குலேட்டர் அம்மா பக்கம் திரும்பியது.

"கூரை ஏறுமா, தவுக்கே?"

"ஏறும் லா, அக்கா. பெயிண்ட் அடிக்கவும் மிஞ்சும்."

சித்தப்பா போட்ட கூச்சலில் பக்கத்து நிலத்து மாடுகள் திரும்பிப் பார்த்தன. அப்பா தவுக்கேயின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், விடவே இல்லை. கூடத்தில் பாய் விரித்து, புளிச்சோறும் பொரித்த மீனும் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். அந்த ருசியில் நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அப்பா கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தார்.

"செவுத்து மேல ஏறிப் போறீங்களே! வாசல் இந்தப் பக்கம்" என்றார் அம்மா.

அப்பா சிரித்தபடி திரும்பி வந்து வாசல் வழியாக வெளியேறினார். கடைசியாக வந்த அம்மா நின்றார். திரும்பி, இல்லாத கதவை இழுத்துச் சாத்தினார். சாத்திய கையை எடுக்காமல் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"கதவே இல்லையேம்மா!" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பிறந்ததிலிருந்து அம்மா சாத்திய கதவுகள் எல்லாமே தோட்ட நிர்வாகத்துடையவை. அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. எல்லாரும் காத்திருக்க, வெறுங்காற்றைச் சாத்த இவ்வளவு நேரமா என்றுதான் நினைத்தேன்.