நேற்றைய குழம்பும் போரோன் வரியும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சுங்கை வே பக்கம் எண்ணெய் தரும் செம்பனைக்கான ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் கணினியைக் கவனிப்பது என் வேலை. பாடம் படித்து வந்ததில்லை. கையேட்டைப் புரட்டிப் புரட்டித் தானாக வந்தது.

எங்கள் அதிகாரியை டாக்டர் என்போம். இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில்தான் பிறந்தவர், பேச்சு மட்டும் வீட்டில் பழகிய யாழ்ப்பாணத் தமிழ். செம்பனைக்குப் போரோன் உரம் பலன் தருமா என்பது அவருடைய சோதனை. தோட்டம் முழுக்க மண் ஒரே மாதிரி இருக்காது அல்லவா? அந்த வேறுபாட்டைத் தனியே பிரித்துவிட்டு உரத்தின் பலனை மட்டும் சொல்லும் கலப்பு மாதிரிக் கணக்கு ஒன்று உண்டு. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம், போரோன் என்று இலையிலுள்ள ஒவ்வொரு சத்துக்கும் அதே கணக்கை ஓட்டவேண்டும். பக்கம் பக்கமாக அச்சாகும். கடைசியில் வேண்டியதோ, வித்தியாசம் தற்செயலா உண்மையா என்று காட்டும் ஓர் எண். அந்த எண்களைப் பொறுக்கி ஒரே தாளில் அடுக்க நான் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தேன்.

ஒருநாள் மதியம், சோதனையைத் தொடர்வதா மூடுவதா என்று முடிவு செய்யும் கூட்டம். சோதனையை மூடினால் டாக்டரின் ஒப்பந்தமும் அதோடு சரி. அன்று காலையில் தாள் வந்தது. போரோனுக்கு நல்ல எண், வித்தியாசம் உண்மை என்று. டாக்டர் அதைக் கோப்பில் வைத்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நான் சாப்பாட்டு மேசையில் நகலை விரித்துப் பார்த்தேன். மக்னீசிய வரியும் போரோன் வரியும் கடைசி இலக்கம்வரை ஒன்று. தற்செயலாக இருக்கும் என்று மனத்தைத் தேற்றினேன், தேறவில்லை. கிள்ளானிலிருந்து இலை மாதிரிகளை ஏற்றிவரும் லோரிக்கார அண்ணன் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விடை கிடைக்காவிட்டால் கணினி என்ன செய்யும், சொல்லுங்கள் பார்ப்போம் என்று அவர் வாயைக் கிளறினேன்.

“எங்க மாமியார் மாதிரிதான் லா. இல்லைன்னு சொல்லாது. நேத்துக் குழம்பையே சூடு பண்ணி வச்சிடும்.”

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். கணினியின் ஓட்டக் குறிப்பில் கிடந்தது விஷயம்: போரோன் கணக்கு விடைக்கு வந்து சேராமல் நின்றுவிட்டது. என் நிரல் அதைக் கவனிக்காமல், அதற்கு முந்திய மக்னீசியத்தின் விடையையே எடுத்து வைத்திருந்தது.

கூட்ட அறை வாசலில் டாக்டரைப் பிடித்து, இரண்டு வரியையும் விரலால் காட்டி, குழம்புக் கதையையும் சேர்த்து உளறினேன். அவர் போரோன் வரியின்மேல் விரலை வைத்தார்.

“நீர் இந்த வரியை வெட்டிவிடும். விடை இல்லை எண்டு எழுதும்.”

“மூடிடுவாங்களே, டாக்டர்.”

“அதுக்கு நான் என்ன செய்ய, தம்பி?”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலிலேயே நின்ற நான், உள்ளே யாராவது நாற்காலியை இழுத்தாலும் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

வெளியே வந்தவர், முக்கியமான வரியே வெறுமையாக இருந்தால் எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டார்களாம், அடுத்த கூட்டம்வரை தவணை கொடுத்திருக்கிறார்களாம் என்றார். வந்த கையோடு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பழைய விடைகளையெல்லாம் அழித்துவிட்டு, போரோனின் கணக்கு மாதிரியைச் சற்று எளிதாக்கி மறுபடி ஓட்டினேன். திரை அசையவே இல்லை. பிறகு எண் வந்தது. எல்லையைக் கொஞ்சம் தாண்டித் தற்செயல் பக்கம் விழுந்திருந்தது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இண்டைக்குச் சமைச்சதுதானே?”

“இன்னைக்குத்தான், டாக்டர்.”

“அப்ப நீர் அதையே தாளில போடும்.”