நின்றால் வலிக்காது

கால்வாய்க் கரையில் நான்கு பேர் இருக்கிறோம்: எண்ணூர் உப்புப் படகில் மூட்டை இறக்கும் காசிம், அவருடைய மேஸ்திரி, எலும்பு வைத்தியம் படிக்கும் மாணவர் ஒருவர், பேசின் பிரிட்ஜில் ரயிலைத் தவறவிட்ட நான்.

காசிமுக்கு இடுப்பு வலியாம். கரையோரக் கிடங்கின் இரண்டு எடைமேடைகளில் காலுக்கு ஒன்றாக அவரை நிறுத்தி, அவர் தோளில் ஒரு மூட்டையை ஏற்றுகிறார் மாணவர். இரண்டு முள்ளும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன. "இடுப்பில் கோளாறு இல்லை" என்று எழுதுகிறார்.

"நடிப்பா மாமு? நாளைக்கு வேலைக்கு வராத" என்கிறார் மேஸ்திரி.

ஐந்தாவதோடு நின்றவன் நான், எடைமேடையை எதிர்த்து என்ன பேசுவது?

காசிம் சிரிக்கிறார். "சும்மா நின்னுகினு கீறதுக்கு எவன் நைனா கூலி குடுப்பான்? பலகை மேல வந்து பாரு."

படகுக்கும் கரைக்கும் நடுவே கிடக்கும் பலகையில் மூட்டையோடு நடக்கிறார். பலகை தாழ்ந்து எழும்போதெல்லாம் வலது கால் மட்டும் கொஞ்சம் பிந்துகிறது. வெறுங்கையோடு பின்னால் ஏறிய மாணவரைப் பலகை தூக்கிப் போட, அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

எழுந்து வந்து, எழுதியதை அடிக்கிறார். மேஸ்திரி காசிமின் தோளிலிருந்து மூட்டையை இறக்குகிறார்.

"எத்தனாவது எட்டுல வலிக்குது?" என்று மாணவர் இப்போதுதான் கேட்கிறார்.

"மூணாவதுல, நைனா. பலகை நடுவுல."