நட்சத்திரக் கோட்டுக்குக் கீழே

எங்கள் விழுப்புரம் அலுவலகத்துக்கு நிருபர்கள் அனுப்பும் கட்டுரைகளின் அடியில் ஒரு வரிசை நட்சத்திரங்கள் இருக்கும். அதற்கு மேலே உள்ளது வாசகருக்கு, கீழே உள்ளது எங்களுக்கு மட்டும். தகவல் சொன்னவர் யார், வீடு எங்கே, பெயர் போடலாமா என்பதெல்லாம் கீழே வரும். அதை வெட்டிவிட்டுப் பக்கத்துக்கு அனுப்புவது உதவி ஆசிரியரான என் வேலை. வெட்ட மறந்த ஒருவரை அலுவலகமே கேட்க நான் ஒருமுறை கிழிகிழியென்று கிழித்திருக்கிறேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு.

அன்று திண்டிவனம் நிருபர் அனுப்பியது ஏரி மண் பற்றிய கட்டுரை. அனுமதித்த ஆழத்தைத் தாண்டிக் குத்தகைக்காரர் தோண்டுகிறார், சுற்றியுள்ள கிணறுகள் வற்றிவிட்டன. ஏரியை ஒட்டி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த ஒரு பெண் சொன்ன விவரங்கள்தான் கட்டுரைக்கு உயிர். நட்சத்திரங்களுக்குக் கீழே, அவருடைய போன் எண்ணுடன் நிருபர் எழுதியிருந்தார்: "ஏரிக்கரையில் கடைசி வீடு. கணவர் துபாயில். தனியாக இருக்கிறார். பெயர் வேண்டவே வேண்டாம்."

நான் திருத்தியதைப் படித்த தலைமை உதவி ஆசிரியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"எதிர்த்தரப்புகிட்ட கேட்டாச்சா?"

கேட்கவில்லை. நான்கு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும், அப்போது மூன்றேகால். குத்தகைக்காரர் போனை எடுக்கவில்லை. 'வாட்ஸப்ல அனுப்புங்க' என்று செய்தி மட்டும் வந்தது. கேள்விகளை மட்டும் அனுப்பியிருக்கலாம். அவசரத்தில், நிருபரிடமிருந்து வந்த முழுக் கட்டுரையையும் அப்படியே அனுப்பினேன். நட்சத்திரங்களும் அதற்குக் கீழே இருந்ததும் சேர்ந்தே போயின.

இரண்டு டிக்கும் நீலமான பிறகுதான் கவனித்தேன். அவசரமாக அழித்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

'படிச்சேன் சார். நேர்லயே போய் பேசிக்கிறேன்.'

யாரிடம் என்று அவர் எழுதவில்லை. அவருடைய லாரிகள் நிற்கும் இடத்திலிருந்து அந்த வீடு கூப்பிடு தூரம்.

அந்தப் பெண்ணின் எண்ணை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. நிருபரை அழைத்துச் சொன்னேன்.

"இன்னாண்ணே இப்டி பண்ணிட்டீங்க? அவங்க ஒண்டியா கீறாங்கண்ணே!" என்றார். "நான் ஜல்தியா வண்டிய எடுத்துக்கினு போறேன்."

விஷயத்தைக் கேட்ட தலைமை உதவி ஆசிரியர் என்னைத் திட்டக்கூட இல்லை. பக்கத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. திரையில் கட்டுரை அச்சுக்குத் தயாராக நின்றது. நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் அந்தப் பெண்ணே அழைத்தார்.

"சார், நான் சொன்னதெல்லாம் தப்பு சார். போடாதீங்க."

எழுதி வைத்ததைப் படிப்பதுபோல் இருந்தது குரல். பின்னால் ஓர் ஆண் இருமுவது கேட்டது.

"யாராவது வந்திருக்காங்களாம்மா?"

"ஆமாங்க சார். டீ குடிச்சிக்கினு கீறாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "எங்க வூட்ட யாரு சார் காட்டிக் குடுத்தது? அந்த நிருபர் தம்பியா?"

நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். "விசாரிக்கிறேம்மா," என்றேன். இணைப்பு அறுந்தது.

கட்டுரையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு தேர்த் திருவிழாப் படத்தைப் பெரிதாகப் போட்டோம். பக்கம் நேரத்துக்கு முடிந்தது.

ஐந்து மணிக்கு நிருபர் பேசினார். அவர் போனபோது குத்தகைக்காரர் கிளம்பியிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அடி உதை ஒன்றும் இல்லை. ஆனால் கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "உன்ன நம்பித்தான தம்பி சொன்னேன், இனிமே இந்தப் பக்கம் வராத," என்று சொல்லிவிட்டு அதையும் சாத்திக்கொண்டாராம்.

"நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்கண்ணே, நான் இல்லன்னு."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்த எண் இன்னும் என் போனில் இருக்கிறது. நான் இன்றுவரை அழைக்கவில்லை.