ஒரே விலையில் இரண்டு விமானம்: திருச்சியிலிருந்து சென்னைக்கு

தஞ்சாவூரில் வக்கீலாக இருக்கிறேன். நில எடுப்பு வழக்குகளுக்காக மாதத்தில் மூன்று நான்கு முறை சென்னைக்குப் பறக்க வேண்டியிருக்கிறது. திருச்சியிலிருந்து காலையில் இரண்டு நிறுவனங்களின் விமானங்கள். நேரத்தில் அரை மணி முன்பின். விலையில் நூறு ரூபாய்கூட வித்தியாசம் இருக்காது. எதில் போகலாம் என்று கேட்பவர்களிடம், "எதில் உறுப்பினர் அட்டை இருக்கிறதோ அதில் போங்கள், பாயின்ட் சேரும்" என்றுதான் சொல்லிவந்தேன். போன மார்கழிக்குப் பிறகு அப்படிச் சொல்வதில்லை. காரணத்தைச் சொல்லும்போது இன்னமும் கோபம் வருகிறது.

அன்று என்னோடு வந்தவர் செல்வி, திருவையாற்றுக்குப் பக்கத்து விவசாயி. நாற்பத்தைந்து வயது, முதல் விமானப் பயணம். அவருடைய அப்பா காலமெல்லாம் அடுத்தவர் பண்ணையில் உழைத்தவர். செல்வியும் கணவரும் அரும்பாடுபட்டு வாங்கிய ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், புறவழிச்சாலைக்குப் போகிறது. சம்பா கதிர் பால் பிடித்து நிற்கும்போதே பொக்லைனை இறக்கப் பார்த்தார்கள். சென்னையில் நில எடுப்பு மேலதிகாரி முன்பு பதினொன்றரை மணிக்கு விசாரணை, நிலத்துக்காரர் நேரில் வர வேண்டும் என்று இரண்டு நாள் முன்புதான் தகவல் வந்தது. ரயிலில் இடமில்லை.

திருவையாற்றிலிருந்து விமான நிலையம் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர். "பனி எறங்கிருக்கு மேடம், செங்கிப்பட்டி தாண்டுனாத்தான் மிதிக்க முடியும்" என்றார் டிரைவர். அப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கவுண்டரில் இருந்த இளைஞர் என்னை மட்டும் பார்த்துப் பேசினார். "ஃப்ளைட் ஃபுல் மேடம். இவங்க மதியம் போகலாம்."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தானே டிக்கெட் போட்டேன்?"

"ஓவர்புக்கிங். நீங்க மெம்பர், உங்களுக்கு சீட் உண்டு."

எங்களுக்குப் பின்னால் வந்த ஒருவர் அட்டையை நீட்டினார். போர்டிங் பாஸ் உடனே கிடைத்தது. இருக்கும் இருக்கைக்கு மேல் விற்றுவிட்டு, யாரை இறக்கலாம் என்று தேடியபோது, பருத்திச் சேலையும் துணிப்பையுமாக நின்றவர்தான் இவர்கள் கண்ணில் பட்டிருக்கிறார்!

செல்வி என் கையைப் பிடித்தார். "நா போகலன்னா வயல்ல எறங்கிருவாங்களா வக்கீலம்மா?"

"என் சீட்ட இவங்களுக்குக் குடுங்க" என்றேன்.

"அப்படி மாத்த முடியாது மேடம்."

"முடியாதுன்னு எழுதிக் குடுங்க. மேனேஜரக் கூப்பிடுங்க."

குரல் உயர்ந்துவிட்டது; வரிசையே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் வந்து, கால் மணி நேரம் மழுப்பி, கடைசியில் ஒப்புக்கொண்டார். சென்னையில் என் ஜூனியர் வாசலில் காத்திருப்பாள் என்று சொல்லி செல்வியை அனுப்பினேன்.

"அங்க நா என்னம்மா சொல்லணும்?"

"வயல்ல என்ன நிக்குதோ அதைச் சொல்லுங்க."

அடுத்த நிறுவனத்தின் கவுண்டருக்கு ஓடினேன். அங்கிருந்த பெண், "காலை ஃப்ளைட் ஃபுல் மேடம். சீட்டுக்கு மேல நாங்க விக்கிறதில்ல. மதியம் இருக்கு, போடவா?" என்றார். அதே விலைதான்.

விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது ஜூனியரின் போன் வந்தது. வக்கீல் எங்கே என்று அதிகாரி கேட்டதற்கு, "எனக்கு சீட்டு குடுத்துட்டு அவங்க திருச்சியில நிக்கிறாங்க சார்" என்றாராம் செல்வி. பிறகு கதிரைப் பற்றியும் அதற்குப் பட்ட பாட்டைப் பற்றியும் தடுமாறாமல் சொல்லியிருக்கிறார். அறுவடை முடியும்வரை யாரும் வயலில் இறங்கக் கூடாது என்று உத்தரவு. நிலம் மிஞ்சுமா என்பது இன்னும் தெரியாது. அந்த வெள்ளாமை வீடு வந்து சேர்ந்தது.

அடிக்கடி பறப்பவர்களுக்கு: விலை ஒன்றானால் பாயின்ட்டைப் பார்க்காதீர்கள். சீட்டுக்கு மேல் விற்பார்களா என்று கேளுங்கள். செக்-இன்னை வீட்டிலேயே முடியுங்கள். இடமில்லை என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த அட்டையும் இல்லாதவரை அந்தக் கவுண்டரில் எப்படி நடத்துகிறார்கள் என்று ஐந்து நிமிடம் நின்று கவனியுங்கள். அட்டையைக் காட்டி நாம் வாங்கும் மரியாதைக்கு, பக்கத்தில் நிற்பவர் தன் இடத்தை இழக்க வேண்டுமென்றால், அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.