குரூப்பில் போட்டாச்சு

காலை ஏழு பத்துக்குக் கைப்பேசியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு தாமரைப் பூ. அடியில் ‘இனிய காலை வணக்கம்’. அதற்குக் கீழே ஒரு வேல், பிறகு வேறொருவரின் ரோஜா. எங்கள் பிளாட்டின் வாட்ஸ்அப் குரூப் தினமும் இப்படித்தான் விடியும். நானும் என் பங்குக்கு ஒரு பொன்மொழியைப் போட்டேன்.

அதற்குக் கீழே வந்து விழுந்தது இரண்டாம் மாடிப் பெண்ணின் செய்தி. கடல் பாலம் தாண்டி புக்கிட் தெங்காவுக்கு வேலைக்குப் போகும் தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து எழுதியிருந்தாள்.

“அப்பாகிட்ட பேசிக்கிட்டு இருந்தேன். வாய் குழறுச்சு, போன் கீழ விழுந்துருச்சு. வீட்ல வேற யாரும் இல்ல. போம்பா சார், ப்ளீஸ் பாருங்க.”

போம்பா என்றால் இங்கே தீயணைப்புப் படை; போம்பா சார் பக்கத்து நிலையத்தின் அதிகாரி. தமிழர். வெள்ளம், தீ என்றால் நேரே எச்சரிக்கட்டும் என்று அவரைக் குரூப்பில் சேர்த்திருந்தோம். சேர்ந்த அன்றே, அவசரம் என்றால் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், இங்கே எழுதாதீர்கள் என்று போட்டிருந்தார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினோம். ஆனால் தெரிந்த மனிதர் உள்ளேயே இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவருக்கு மலாய் மொழியில் முகவரி சொல்வானேன் என்பதுதான் எங்கள் நினைப்பு.

பதில்கள் வந்தன. கூப்பிய கைகள். ‘முருகா காப்பாத்து.’ ‘சார் பாத்திருப்பாரு, கவலப்படாதம்மா.’ நானும் கூப்பிய கைகளைப் போட்டேன். பத்திரிகையில் இருந்த காலத்தில், ஆம்புலன்ஸ் கிளம்பியதா என்று கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை. அன்று கேட்கவில்லை. காப்பி கலக்கப் போனேன்.

சற்று நேரத்தில் அவளே என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ஆள் வந்துட்டாங்களா?”

“வந்திருப்பாங்கம்மா.”

“நீங்க போய்ப் பாத்தீங்களாண்ணே?”

இரண்டு மாடி இறங்கினேன். அவர்கள் வீட்டுக் கிரில் கதவு பூட்டியிருந்தது. நடைபாதையில் ஒருவரும் இல்லை. சன்னல் வழியாக அவள் அப்பாவின் கால்கள் தெரிந்தன. அப்போதுதான் அவசர எண்ணை அழுத்தினேன். மலாயில் முகவரி சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போம்பா சாரே ஆட்களோடு வந்து பூட்டை வெட்டினார். ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு எதிர்வீட்டு அக்கா அவரிடம் கேட்டார்.

“குரூப்ல அப்பவே போட்டாச்சே சார், பாக்கலையா?”

“அத மியூட் பண்ணி மாசக்கணக்கா ஆச்சுக்கா. தொறந்தா ஒரே பூவும் சாமியும்தான் லா.”

“எங்க பூவ விடுங்க. இந்த அண்ணன் நல்ல நல்ல வாசகமா போடுவாரே, அதையுமா?”

அவர் என்னைப் பார்த்தார்.

“அதையும்தான்க்கா.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. வெட்டுப்பட்ட பூட்டைக் குனிந்து எடுத்தேன். அதை வைத்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

மகள் பாலத்தைக் கடந்து திரும்புவதற்குள் அப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மாலையில் குரூப்பில் போம்பா சாருக்கு நன்றிகள் குவிந்தன. என் பெயருக்கும் இரண்டு மூன்று வந்தன, ஓடிப் போய் உதவினேன் என்று. நான் மறுத்து எழுதவில்லை.

அவள் அப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.